‘தொரசாமி’ என்று காதில் விழுந்தால் என்ன எழுதுவது?

ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பத்தை நிரப்பித் தரும்படி என் மேசைக்கு வந்த ஒரு பாட்டியிடம் மூன்று காகிதங்கள் இருந்தன. தேயிலைத் தோட்ட ஆபீசிலிருந்து எடுத்த செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள் பதிவேடு) பிரதியில் அவர் பெயர் லெச்சுமி; அடையாள அட்டையில் லட்சுமி; மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தாயின் பெயர் எழுதும் கூண்டில் இலட்சுமி. தகப்பன் பெயர் ஒன்றில் தொரசாமி, இன்னொன்றில் துரைசாமி. “எல்லாம் நாந்தாங்க” என்றார் பாட்டி. அது உண்மைதான். ஆனால் பணத்தை விடுவிக்க வேண்டிய உத்தியோகத்தரின் கண்ணுக்கு அங்கே மூன்று பெண்கள் நின்றார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி, அந்த மூவரையும் ஒருவராக்குவதற்குள் பாட்டி எத்தனை நாள் பேரை (வேலைக்குப் போனால் பதிவாகும் நாட்கூலியை) இழந்தார் என்பதை அவர் கணக்குப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

வாசிகசாலையில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞர்களுக்கும், பாடசாலை அனுமதிப் பதிவேட்டை எழுதும் ஆசிரியர்களுக்கும், வைத்தியசாலையில் துண்டு எழுதுபவர்களுக்கும், வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ இலங்கை மலையகத்துக்கு மாற்றலாகி வந்து தோட்டப்புறப் பேச்சை முதன்முதலாகக் கேட்கும் உத்தியோகத்தர்களுக்கும் இந்தக் குறிப்பு பயன்படும். இத்தகைய குழப்பங்களைச் சொல்பவரின் பிழை என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது சரியன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் தத்தம் ஊர்ப் பேச்சோடு வந்தார்கள். அந்தப் பேச்சுக்கு ஒழுங்கான விதிகள் உண்டு. அதைக் கேட்டு எழுதிய கணக்கப்பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர் ஐயாவுக்கும், சிங்களத்தில் பதிந்த பதிவாளருக்கும் மூன்று விதமான காதுகள் இருந்தன. ஒழுங்கான விதி என்பதால், கேட்ட ஒலியிலிருந்து எழுத்துக்குத் திரும்பிப் போகும் வழியும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது.

ஆனால் அந்த வழியில் இறங்குவதற்கு முன் காகிதத்தைக் கேளுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் அதில் உள்ள எழுத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுத வேண்டும். அது உங்கள் கண்ணுக்குப் பிழையாகத் தெரிந்தாலும் திருத்தக் கூடாது. லெச்சுமி என்று பதிவானவர் லெச்சுமிதான். தமிழ் ஆசிரியர்கள்தாம் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறோம்: இலக்கணப்படி சொல்லின் முதலில் ரகரமும் லகரமும் வாரா என்று படித்த கையால் இராமையா, இலட்சுமி, இரத்தினம் என்று ஓர் இகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். அகரவரிசைப் பதிவேட்டில் அந்தப் பெயர் அன்றைக்கே இடம் மாறிவிடுகிறது. அதனால் பழைய பதிவேட்டில் ‘ரெத்தினம் என்று யாரும் இல்லை’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு முன் ரெ, ர, இ ஆகிய மூன்று வரிசைகளிலும் தேடிப் பாருங்கள். எல்லம்மாவை யெல்லம்மா என்றும் ஏழுமலையை யேழுமலை என்றும் சொல்வது வழக்கம் என்பதால், அவர்களை யகர வரிசையிலும், ஆங்கிலப் பதிவேடாயின் வை என்ற எழுத்தின் கீழும் தேட வேண்டியிருக்கும்.

காகிதமே இல்லாதபோதும், பிறந்த குழந்தைக்கு முதன்முதலாகப் பெயர் பதியும்போதும்தான் காதை நம்ப வேண்டிவரும். இனி அதைப் பார்ப்போம்.

துரை தொரையாவது எப்படி

மலையகப் பேச்சில் சொல்லின் முதலில் குறிலாக வரும் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் மாறுகிறது. இலை எல ஆகும். குடை கொட ஆகும். பங்களாவில் இருக்கும் துரை தொர ஆவார். ஆனால் எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. அடுத்து வரும் மெய் ஒற்றையாக இருந்து, அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால்தான் நடக்கும். சின்னம்மாவிலும் குப்பம்மாவிலும் முத்தம்மாவிலும் இரட்டை மெய் நிற்பதால் முதல் உயிர் அசைவதில்லை. முருகனிலும் குருசாமியிலும் அடுத்த எழுத்தின்மேல் உகரம் இருப்பதால் அவர்களும் மாறுவதில்லை; மொருகன் என்று எந்த லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் கூப்பிடுவதை நான் கேட்டதில்லை.

ஆகவே உங்கள் காதில் செ, தொ, கொ, எ, ஒ என்று ஒரு பெயர் தொடங்கினால் உடனே அடுத்த எழுத்தைக் கவனியுங்கள். செல்லம்மா, பொன்னுசாமி என்று இரட்டை மெய் வந்தால் கேட்டதையே எழுதலாம். பெரியசாமி, பெருமாள் என்று அடுத்த எழுத்தில் இகரமோ உகரமோ வந்தாலும் கேட்டதே சரி. செவகாமி, தொரசாமி, கொணசேகரன், ஒலகநாதன், எளங்கோ, கொழந்தவேலு என்று ஒற்றை மெய்யின்மேல் அகரம் கேட்டால் மட்டும் சந்தேகப்படுங்கள். சிவகாமி, துரைசாமி, குணசேகரன், உலகநாதன், இளங்கோ, குழந்தைவேல் அங்கே ஒளிந்திருக்கக் கூடும். யாழ்ப்பாணப் பேச்சில் இந்த மாற்றம் பெரும்பாலும் இல்லை. அங்கிருந்து வந்தவர் ‘தொர’ என்பதைப் புதிய பெயர் என்றே எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இந்த விதியைக் கண்டுபிடித்த மிதப்பில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் ‘செவந்தி’ என்றார். ஒற்றை வகரம், மேலே அகரம். ஆகவே சிவந்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே நின்ற மூத்த பையன் தாளை வாங்கி வாசித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தான். “சேர், அம்மா பூவு பேரு வச்சாங்க. நீங்க செவந்து போச்சுன்னு எழுதியிருக்கீங்க” என்றான். செவ்வந்தியின் இரட்டை வகரம் பேச்சில் ஒற்றையாகத் தேய்ந்திருந்தது. என் விதிக்கு அது தெரியவில்லை. அன்று முதல் நான் எழுத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். “எந்தச் சாமி பேருங்க?”, “யாரு பேர வச்சீங்க, தாத்தா பேரா?”, “பூவு பேரா?” என்ற கேள்விகளுக்கு எழுத்தறியாதவரும் தயங்காமல் விடை சொல்வார். ‘எந்த இ, எந்த எ’ என்று கேட்டால் அவர் முகம் வாடிவிடும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. ரங்கசாமி ரெங்கசாமியாகவும், கங்கா கெங்காவாகவும், லட்சுமி லெட்சுமியாகவும் ஒலிப்பது வேறு மாற்றம். வடமொழியிலிருந்து வந்த, ரகர லகரங்களிலோ தொண்டை அதிர ஒலிக்கும் க, ஜ, த, ப ஒலிகளிலோ தொடங்கும் சொற்களில் முதல் அகரம் எகரமாகச் சாய்ந்திருக்கிறது. இந்த வடிவங்கள் தலைமுறைகளாகக் காகிதத்திலும் நிலைத்துவிட்டன. ரெங்கசாமியைப் பிடித்து ரங்கசாமியாக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. குடும்பம் எப்படி எழுதுகிறதோ அப்படியே விடுங்கள். மீனாட்சி, காமாட்சி போன்ற பெயர்கள் மீனாச்சி, காமாச்சி என்று ஒலிப்பவை. அவற்றில் ட்சி போடலாம், ஆனால் பேச்சியம்மாளை அந்த வேகத்தில் பேட்சியம்மாள் ஆக்கிவிடாதீர்கள்.

செல்வமா, செல்வனா

என் அனுபவத்தில் மிகுதியான தொல்லை தருவது பெயரின் தலையன்று, வால். சொல்லின் இறுதியில் நிற்கும் மகரமும் னகரமும் மலையகப் பேச்சில் முழுதாக ஒலிப்பதில்லை. இரண்டும் மூக்கோசையாகக் கரைந்து, முன்னால் உள்ள அகரத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. செல்வம், செல்வன் என்ற இரண்டு பெயர்களும், பெண்ணுக்கு இடும் செல்லமும் ஆணுக்கு இடும் செல்லனும், விரைந்து சொல்லும்போது ஒன்றுபோலவே கேட்கும். இறுதி மெய்யைத் தெளிவாக மூடிச் சொல்லும் யாழ்ப்பாணத்தாருக்கு இங்கே இரட்டிப்புச் சிரமம்.

உற்றுப் பார்த்தால் வேறுபாடு உதட்டில் இருக்கிறது. மகரம் மறைந்த இடத்தில் உதடு குவிந்து, ஒலி ஒகரத்தின் பக்கம் சாயும். னகரம் மறைந்த இடத்தில் உதடு விரிந்து, ஒலி எகரத்தின் பக்கம் சாயும். மரம் என்றும் அவன் என்றும் ஒரு முறை பேச்சுவழக்கில் சொல்லிப் பார்த்தால் உங்கள் உதடே இதைச் சொல்லிவிடும். (முகக்கவசம் அணிந்திருந்த நாட்களில் இந்த உபாயம் கைவிட்டுப் போனது; அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பெயர்களைக் கொஞ்சம் கூடுதலாகச் சோதிப்பது நல்லது.)

உதட்டைவிட உறுதியான வழி, பெயரோடு ஓர் உருபைச் சேர்க்க வைப்பது. “இந்த லெட்டர் யாருக்குங்க?” என்று கேளுங்கள். ‘செல்வத்துக்கு’ என்று வந்தால் மகரம். ‘செல்வனுக்கு’ என்று வந்தால் னகரம். கரைந்துபோன மெய் உருபு வந்ததும் தானாகவே எழுந்து நிற்கும். தேய்ந்துபோன ஐகாரத்துக்கும் இதே மருந்துதான்: அண்ணாமல என்றும் மருத என்றும் சொல்பவர், ‘அண்ணாமலைக்கு’, ‘மருதைக்கு’ என்று சொல்லும்போது ஐகாரத்தின் சாயலைக் காட்டிவிடுவார். ஆனால் வேல், வேலு என்ற இணைக்கு இது உதவாது, இரண்டும் ‘வேலுக்கு’ என்றே வரும். மகர னகரம் அல்லாத மெய்யில் முடியும் பெயர்களுக்குப் பின்னால் நாம் பெரும்பாலும் ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறோம். குமார் குமாரு, செல்வராஜ் செல்வராசு. வேலு என்பதோ தனிப்பெயராகவும் பதிவில் இருக்கிறது. இங்கே காகிதமோ, வீட்டில் படித்த பிள்ளையோதான் தீர்வு.

ழகர, ளகர, லகரங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பழனியம்மா பளனியம்மா என்றும், எழிலரசி எளிலரசி என்றும், கனிமொழி கனிமொளி என்றும் கேட்கும். காதால் இதைப் பிரிக்க முடியாது, பொருளால்தான் பிரிக்க முடியும். மாரியம்மன் பெயரிலிருந்து வந்த மாரிமுத்துவுக்கு இடையின ரகரம், மாறனுக்கு வல்லின றகரம் என்பதும் அப்படித்தான். அறிவழகனா, ஹரியைச் சேர்த்த பெயரா என்ற ஐயம் வந்தால் ஹகரம் நம் பேச்சில் விழுந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சிங்கள எழுத்தில் இரண்டு லகரங்களும் இரண்டு நகரங்களும் இருந்தாலும் பேச்சில் அவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. எனவே சிங்களத்தில் மட்டும் பெயர் எழுதப்பட்ட பழைய அடையாள அட்டை ஒன்றை வைத்து ஒருவர் பெயரில் ளகரமா லகரமா என்று முடிவு செய்ய வேண்டாம்.

பதுளையின் ப, பசறையின் ப

தமிழுக்கு ஒரு பகரம் போதும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போதாது. பாலனையும் பாண்டியனையும் நாம் ஒரே எழுத்தில் தொடங்குகிறோம். சிங்களப் படிவத்தில் இரண்டு எழுத்துகள். இந்த ஒலிகளைப் பற்றி எழுதும் இந்தக் கட்டுரையே அவற்றை எழுத்தில் வேறுபடுத்திக் காட்ட வழியின்றித் திண்டாடுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் ஊர்ப் பெயர்களை வைத்துத் தப்பித்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது பதுளையின் பகரம் அதிர்வுடையது, பசறையின் பகரம் அதிர்வற்றது. அப்படியே கம்பளையின் ககரமும் கண்டியின் ககரமும். டிக்கோயாவின் டகரமும் தலவாக்கலையின் தகரமும் ஆங்கிலத்தில் எந்த எழுத்தைப் பெறுகின்றன என்பதும் இப்பக்கத்து உத்தியோகத்தர் எல்லோருக்கும் தெரியும். பெயரைத் தொலைபேசியில் சொல்ல நேரும்போது, “பாலன், பதுளையில வர்ற ப, கண்ணன், கண்டியில வர்ற க” என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் எந்த மொழிக்காரரானாலும் உடனே பிடித்துக்கொள்வார். மகர நகரங்களுக்கு மஸ்கெலியாவும் நாவலப்பிட்டியும் இருக்கின்றன.

இதில் மிகவும் கவனிக்க வேண்டிய பெயர் காந்தி. மகாத்மாவின் பெயரைப் பிள்ளைக்கு இட்டவருக்குக் கம்பளையின் ககரம். ஒளி என்ற பொருளில் பெண்ணுக்குக் காந்தி என்று இட்டவருக்குக் கண்டியின் ககரம். தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. கேட்காமல் எழுதினால் பாதிக்குப் பாதி தவறத்தான் வாய்ப்பு. வேறு சில பெயர்களில் மூலம் ஒன்று சொல்லும், குடும்பம் இன்னொன்று சொல்லும்: பாக்கியம் வடமொழியில் அதிர்வுடைய பகரத்தில் தொடங்கினாலும், நம் மக்களில் பலர் ஆங்கிலத்தில் அதைப் பசறையின் எழுத்தால்தான் எழுதிவருகிறார்கள். அங்கே மூலத்தைத் தேடிப் போக வேண்டாம். அண்ணன் தம்பிமாரின் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தலைப்பெழுத்துகளில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. டகரத்துக்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகளில் ஒன்றை ரி என்றும் மற்றதை டி என்றும் எழுதுவது இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை மரபு. ரி-56 துப்பாக்கி என்று செய்தியில் படிப்பது இதனால்தான். மலையகத்தில் பேசும்போது இரண்டையும் டீ என்றே சொல்கிறோம். ‘டீ. செல்வராஜ்’ என்று ஒருவர் சொன்னால் தகப்பன் பெயரை முழுதாகக் கேட்காமல் தலைப்பெழுத்தை எழுதாதீர்கள். தங்கவேல் என்றால் ஓர் எழுத்து, டேவிட் என்றால் வேறெழுத்து.

ஊர்ப் பெயர்கள்

ஒரு நோயாளிக்கு வர வேண்டிய கிளினிக் கடிதம் மாத்தளைக்கு வராமல் மாத்தறைக்குப் போய்ச் சேர்ந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒன்று கண்டிக்கு வடக்கே, மற்றது தெற்குக் கடற்கரையில். தொலைபேசியில் ளகரமும் றகரமும் ஒன்றோடொன்று மயங்குவதால், ஊரோடு மாவட்டத்தையோ பக்கத்து நகரத்தையோ சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். அட்டனுக்குப் பக்கத்து வட்டவளையும் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையும் இதே மாதிரி. கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் உள்ள புசல்லாவைக்கும், நுவரெலியாவுக்குக் கிழக்கே இராகலைப் பக்கம் உள்ள உடப்புசல்லாவைக்கும் இடையே இருப்பது ஓர் ‘உட’ மட்டுமே. வேகமாகச் சொல்லும்போது அந்த உகரம்தான் முதலில் விழும்.

தமிழ் வடிவத்திலிருந்து ஆங்கிலத்தையோ சிங்களத்தையோ ஊகித்து எழுதவே கூடாது. கொட்டகலையிலும் இராகலையிலும் லுணுகலையிலும் இருப்பது கல் என்று பொருள்படும் சிங்களச் சொல், கலைக்கும் அதற்கும் உறவில்லை. தலவாக்கலையின் இறுதியோ அந்தச் சொல்லே அல்ல. பேராதனையிலிருந்து அதன் சிங்கள வடிவத்தை ஊகித்துவிடலாம் என்று நினைப்பவர் முயன்று பார்க்கலாம். அட்டன் என்றும் அப்புத்தளை என்றும் சொல்லிப் பழகிய வாய், ஆங்கிலத்தில் எழுதும்போது எச் என்ற எழுத்தை விட்டுவிடுகிறது. மூன்று மொழியிலும் எழுதப்பட்ட புகையிரத நிலையப் பலகைகளை ஒருமுறை படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தால் இந்த வேலை மிக எளிது. தோட்டப் பெயர்களுக்கு அது உதவாது. பல தோட்டங்களுக்குத் தொழிலாளர் வழங்கும் பெயர் ஒன்று, தொழிற்சாலைப் பலகையில் உள்ள பெயர் வேறொன்று. மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்பதும் முகவரியில் வர வேண்டும். சம்பளத் துண்டைக் கேட்டு வாங்கி அதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

எழுதி முடித்த பின் வாசித்துக் காட்டுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் “சரிங்களா?” என்று கேட்டால் எங்கள் மக்கள் “சரிங்க” என்றுதான் சொல்வார்கள், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பிழையாக எழுதியிருப்பார் என்று சொல்லும் துணிவு பலருக்கு வருவதில்லை. அதனால் நான் வேண்டுமென்றே ஒரு தடவை தப்பாக வாசிப்பேன். செல்வம் என்று எழுதியிருந்தால் செல்வன் என்று, கொஞ்சம் அழுத்தமாக, இறுதி மெய்யை மூடி வாசிப்பேன். “இல்லீங்க, செல்வம்” என்று ஒரு குரல் எழுந்தால் தாளில் இருப்பது சரி. குரல் எழாவிட்டால் பேனாவை மூடாமல், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாராவது இருக்கிறதா என்று விசாரிப்பேன்.